நிழல் வீடும் துணைப்பொறியும்

‘துணை’ என்னும் சொல் தமிழில் மிகப் பழையது, மிக இனியது. வழிச்செல்வோர்க்கு உடன் வருபவர் துணை. இருளில் நடப்பவர்க்குக் கைவிளக்குத் துணை. மூத்தோர்க்கு ஊன்றுகோல் துணை. மடல் எழுதத் தொடங்குமுன் நம் முன்னோர் அதன் தலைப்பில் வரைந்த இறைவன் பெயரும் துணையே. இவை யாவற்றுக்கும் பொதுவாய் நிற்கும் பொருள் ஒன்று உண்டு. துணையாவது, ஒருவருடைய இடத்தைத் தான் பறித்துக்கொள்வதன்று. அவர் தம் இடத்தில் தாமே நிற்கும்படி தோள் கொடுப்பது. உடல் தளர்ந்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் உதவுதற்கென இக்காலத்துப் பொறியியல் அறிஞர் ஆக்கிவரும் இயந்திரங்களைத் துணைப்பொறிகள் என்று நாம் வழங்குவோமாயின், அப்பெயரே அவற்றுக்கு ஓர் இலக்கணமும் வகுத்துவிடும்.

உலகம் அவற்றுக்கு இட்ட பெயர் ‘ரோபோ’ என்பது. 1920ஆம் ஆண்டில் செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகம் ஒன்றினால் அச்சொல் உலக வழக்கிற்கு வந்தது. அதன் மூலச்சொல்லாகிய ‘ரொபோட்டா’ என்பதற்கு, நிலக்கிழாருக்காக எளியவர் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பு என்பது பொருள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டித் தலைமுறைகளைக் கழித்தவர்களின் வழிவந்த நமக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இப்பொறிகளைப் பழக்குதற்கு இந்நாளில் கையாளப்படும் முறை ஒன்று ஆராயத்தக்கது. மெய்யான வீட்டுக்கு நிகராகக் கணினியினுள் ஒரு நிழல் வீட்டை எழுப்புகின்றனர். மனிதர்க்குத் தனிவகைக் கண்ணாடி அணிவித்து, அந்நிழல் வீட்டினுள் புகச்செய்து, அங்குள்ள நிழற்பொறியோடு பழகவைக்கின்றனர். அங்கே கண்ட பிழைகளைத் திருத்திய பின்னரே மெய்யான பொறியை மெய்யான மனிதரின் அருகே விட எண்ணுகின்றனர். முன்னையதை எண்ணிம இரட்டை என்றும், பின்னையதை மெய்ந்நிகர் என்றும் அறிஞர் வழங்குவர். இவ்விரண்டும் கூடி என்ன செய்யவல்லன, அவை நம் மலையகத்து லயங்களை எட்டுமா, எட்டுமுன் நாம் செய்யவேண்டியது யாது என்பனவே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

இரட்டை என்பது யாது?

1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சந்திரனை நோக்கிச் சென்ற அப்பலோ 13 என்னும் விண்கலத்தில் பிராணவாயுக் கலம் ஒன்று வெடித்தது. உள்ளே மூவர் இருந்தனர். மின்னாற்றல் குன்றிற்று. அவர்கள் உயிரோடு திரும்பவேண்டுமாயின், அணைத்துவைத்த கருவிகளை எந்த ஒழுங்கில் மீண்டும் இயக்குவது என்பதை எவரேனும் முன்கூட்டியே செய்துபார்த்துச் சொல்லுதல் வேண்டும். நல்வினைப் பயனாக, விண்வெளியாளரைப் பழக்குதற்கென அமைத்த மாதிரிக் கலங்கள் பூமியில் இருந்தன. அந்தப் பயணத்தில் செல்லவேண்டியவராயிருந்து, புறப்படுவதற்குச் சில நாள் முன்னர் விலக்கப்பட்ட கென் மற்றிங்லி என்பாரும் அவருடைய தோழரும் அம்மாதிரிகளில் ஒவ்வொரு செயலையும் செய்துபார்த்து வழி கண்டனர். வானத்தில் இருந்தவர் அவ்வழியே நடந்து உயிர் தப்பினர். எட்டாத தொலைவிலுள்ள ஒன்றை, எட்டும் இடத்திலுள்ள அதன் இணையைக்கொண்டு அறிந்து காக்கும் நெறிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு என அறிஞர் பலர் சுட்டுவர்.

அந்நெறியைக் கணினியின் துணையால் வகுத்துரைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கல் கிறீவ்ஸ் ஆவார். 2002ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் அதனை எடுத்து விளக்கினார். அவர் கூற்றின்படி மூன்று கூறுகள் வேண்டும். ஒன்று மெய்ப்பொருள், மற்றொன்று அதன் நிழலுரு, மூன்றாவது இவ்விரண்டுக்கும் இடையே இடையறாது ஓடும் செய்தி. நாசா நிறுவனத்தைச் சார்ந்த ஜோன் விக்கர்ஸ் வழியாக, 2010ஆம் ஆண்டளவில், அதற்கு ‘டிஜிட்டல் ட்வின்’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இம்மூன்றனுள் மூன்றாவதே உயிர்நிலை என்பதை மாணவர் மனங்கொள்க. ஒரு வீட்டின் வரைபடம் அவ்வீட்டின் இரட்டையன்று. ஏனெனில் வீட்டில் ஒரு கட்டிலை நகர்த்தினால் படத்தில் கட்டில் நகர்வதில்லை. வீட்டிலுள்ள உணர்கருவிகளும் ஒளிப்படக் கருவிகளும் நிகழ்வனவற்றை உடனுக்குடன் அறிவித்துக்கொண்டிருக்க, நிழல் வீட்டிலும் கட்டில் நகருமாயின், அப்பொழுதே அஃது இரட்டை எனப்படும்.

பழகிப் பார்க்கும் களம்

மெய்ந்நிகரின் வரலாறும் சுவையானதே. 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், தலையில் அணிந்து காணும் கருவி ஒன்றை அமைத்தார். அது மிகக் கனமானதாகையால் கூரையிலிருந்து தொங்கவிடவேண்டியிருந்தது. அணிந்தவர் தலையைத் திருப்பினால், கண்முன் தோன்றிய கோட்டுருவமும் அதற்கேற்பத் திரும்பிற்று. இன்று அக்கருவி ஒரு தலைப்பாகையின் அளவிற்குச் சுருங்கிவிட்டது. அதனை அணிந்தவர், தாம் இருக்கும் அறையை மறந்து, வேறோர் இடத்தில் நிற்பதாகவே உணர்கின்றார்.

இடருக்கு முன்னே பழகிக்கொள்ளுதல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், தீங்கு வரப்போவதைக் கனவினால் ஐயுற்ற சச்சந்தன், தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். பொறியைச் செலுத்தும் வகையை அவள் முன்னரே பயின்றுகொள்கின்றாள். பின்னர்க் கட்டியங்காரன் சூழ்ந்தபோது அப்பொறி அவளை வானத்தில் ஏந்திச் சென்றது. ஆயினும், பகைவனுடைய வெற்றி முரசொலி செவியில் விழ, அவள் உள்ளம் சோர, பொறி சுடுகாட்டில் இறங்கிற்று என்பதையும் கற்றோர் அறிவர். அமைதியான சோலையில் கற்ற பயிற்சியில் முரசொலி இல்லை, அச்சம் இல்லை, நிறைசூலின் தளர்ச்சியும் பொறியின் கணக்கில் இல்லை. பயின்ற களத்துக்கும் வாழும் களத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியே, இன்றைய துணைப்பொறி அறிஞரின் முதற்பெருஞ் சிக்கலாகவும் இருக்கின்றது.

ஓர் ஆராய்ச்சியின் பாடம்

அச்சிக்கலைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்றை ஈண்டு விரித்துரைத்தல் தகும். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்பக் கழகத்தில் சாக்கரி எரிக்சன், சார்லஸ் கெம்ப் முதலியோர் ‘அசிஸ்டிவ் ஜிம்’ என்னும் பயிற்சிக் களரி ஒன்றைக் கணினியில் அமைத்தனர். அதில் நிழற்பொறிகள் உண்டு. நிழல் மனிதரும் உண்டு. அந்நிழல் மனிதருள் கை நடுங்குவோரும், தசை வலியிழந்தோரும், மூட்டை முழுதும் மடக்க இயலாதோரும் இருந்தனர். உணவூட்டல், நீர் பருகச் செய்தல், அரிப்புற்ற இடத்தைச் சொறிதல், படுக்கையில் உள்ளவரின் உடலைத் துடைத்தல், உடை அணிவித்தல் போன்ற பணிகளைப் பொறி அங்கே கற்றது. கற்கும் முறை எளியது. சரியாகச் செய்தால் மதிப்பெண் ஏறும். கரண்டி தவறினாலோ கை அழுந்தினாலோ குறையும். மனிதக் குழந்தை நூறு முறை செய்து கற்பதைப் பொறி எண்ணிறந்த முறை செய்து கற்கின்றது. நிழலுலகில் எவர்க்கும் காயம் படுவதில்லையாதலின், எத்தனை முறை தவறினும் குற்றமில்லை.

தேர்ச்சி பெற்றதாகக் கருதிய இப்பொறியை 2020ஆம் ஆண்டில் மற்றொரு சோதனைக்கு உட்படுத்தினர். மெய்யான மனிதர் எண்மரை மெய்ந்நிகர்க் கண்ணாடி அணியச் செய்து, நிழற்பொறியின் எதிரே இருத்தினர். அவர்களுடைய தலையசைவும் கையசைவும் நிழலுலகில் அப்படியே தோன்றின. உணவூட்டல், நீர் பருகச் செய்தல், சொறிதல், துடைத்தல் என்னும் நான்கு பணிகளையும் பொறி செய்யவேண்டும். நிழல் மனிதரிடம் மட்டுமே பயின்ற பொறி, மெய்ம்மனிதரிடம் இடர்ப்பட்டது. அது தமக்கு உதவிற்று என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பிழை எங்கே? பொறியின் கையில் இருந்த குறையினும், அது பயின்ற நிழல் மனிதரிடம் இருந்த குறையே பெரிதாயிற்று. மெய்யான மனிதர் அமரும் வகை வேறு. சாயும் வகை வேறு. கையை நீட்டும் வகையும் வேறு. அறிஞர் அவ்வேறுபாடுகளை நோக்கி, நிழல் மனிதரைத் திருத்தி, பொறியை மீண்டும் பழக்கினர். திருத்திய பயிற்சி பெற்ற பொறி பெரிதும் சிறப்பாகச் செய்தது. பங்குகொண்டோரும் அது வெற்றியாக உதவிற்று என உடன்பட்டனர்.

இவ்வாராய்ச்சியில் நாம் பெறும் பாடம் ஆழ்ந்தது. பொறியின் அறிவு, அது யாரிடம் பயின்றதோ அவர்களின் அளவினதே. நம் மலைநாட்டு வழக்கிலேயே இதனைச் சொல்லலாம். பிரட்டுக் களத்தில் நின்றும் செக்றோலில் பேர் விழாதவர்க்கு அன்றைய சம்பளம் இல்லை. அதுபோல, நிழல் வீட்டில் யாருடைய உடலும் யாருடைய உறைவிடமும் யாருடைய பேச்சும் பதியப்படவில்லையோ, அவர்க்கு நாளைய துணைப்பொறியின் உதவியும் இல்லை.

கொஞ்சம் என்பது எவ்வளவு?

இனி, நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு முயற்சியைக் காண்போம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புத்திக ஜயசேகரவும் அவருடன் ஆய்ந்த விராஜ் முதுகலவும் ‘மிரோப்’ என்னும் துணைப்பொறி ஒன்றை உருவாக்கினர். 2016ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய ஆய்வுரைகள் வெளிவந்தன. வீட்டில் மனிதரோடு இருந்து, அவர் வாய்மொழியாகச் சொல்லும் ஏவலைக் கேட்டு நடக்கும் வகையில் அஃது அமைந்தது. அவ்வறிஞர்கள் எடுத்துக்கொண்ட வினா எம்மைப் போன்ற மொழியாசிரியரின் உள்ளத்தைத் தொடுவது. ‘கொஞ்சம் முன்னே போ’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு?

மனிதர் ஒருவரும் ‘நாற்பது சதமமீற்றர் முன்னே செல்க’ என்று பேசுவதில்லை. கிட்ட, தூர, கொஞ்சம், நிரம்ப என்றே பேசுகின்றோம். தவ, நனி என்னும் உரிச்சொற்கள் மிகுதியைக் குறிக்கும் என்று இலக்கண ஆசிரியர் கூறிச் சென்றனர். அம்மிகுதி எத்துணை என்று அளந்து கூறினாரிலர். கேட்பவன் இடமும் காலமும் நோக்கி உணர்ந்துகொள்வான் என்பதே அவர் கருத்து. பொறிக்கு அவ்வுணர்வு இயல்பாக வாய்ப்பதன்று. ஆதலின் மொறட்டுவை அறிஞர், சுற்றியுள்ள இடத்தின் பரப்பை அளந்து, அதற்கேற்பச் சொல்லின் அளவை மதிப்பிடுமாறு பொறியைப் பழக்கினர். பெரிய மண்டபத்தில் ‘கொஞ்சம்’ என்பது பல அடியாகலாம். சிறிய அறையில் அது ஒரு சாண். மதிப்பீடு தவறினால், உடையவர் திருத்திச் சொல்ல, பொறி அத்திருத்தத்தை நினைவிற்கொண்டு அடுத்தமுறை நடக்கும்.

இம்முயற்சி நம் வீடுகளை நோக்கி வருங்கால் வேறொரு வினாவும் எழும். நம் தோட்டத்து மூதாட்டி ஒருவர் நூல்வழக்கில் பேசமாட்டார். “அந்தச் சொம்ப இந்தாண்ட கொஞ்சூண்டு தள்ளி வையி ஆத்தா” என்பார். ‘இந்தாண்ட’ என்பது எத்திசை? ‘கொஞ்சூண்டு’ என்பது கொஞ்சத்தினும் எவ்வளவு குறைவு? அறையைக் ‘காம்பரா’ என்பார். முன்திண்ணையை ‘இஸ்தோப்பு’ என்பார். முன்னது போர்த்துக்கேயர் வழியாகவும் பின்னது ஒல்லாந்தர் வழியாகவும் நம் பேச்சில் வந்து தங்கிய சொற்கள். நூறாண்டுக்கு மேலாக வாழும் இச்சொற்களை எந்தப் பொறிக்கும் எவரும் இன்னும் கற்பிக்கவில்லையாயின், அப்பொறியின் எதிரே அம்மூதாட்டி ஊமையாகிவிடுவார்.

பூண்டுலோயாவின் நிழல்

‘ஓயா’ என்பது சிங்களத்தில் சிற்றாற்றின் பெயர். ஆதலின் பூண்டுலோயா என்னும் பெயரினுள்ளேயே ஓர் ஆறு ஓடுகின்றது. அருகிலுள்ள டன்சினேன் தோட்டமோ ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் பெயரைத் தாங்கியது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் பயின்றவர் அம்மலையை அறிவர். காடே எழுந்து நடந்துவருவதாகக் கண்ணுக்குத் தோன்றியது அங்கேதான். தோன்றியது காடு, வந்ததோ கிளைகளை ஏந்திய படை. தோற்றத்தையும் மெய்ம்மையையும் பிரித்தறியவேண்டிய ஒரு பொருளை இவ்வூரிலிருந்து சிந்திப்பது பொருத்தமேயாகும்.

இங்குள்ள உறைவிடத்தை நோக்குக. ஆங்கிலேயர் காலத்து லயத்தின் ஒரு காம்பரா, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் முன் ஒடுங்கிய இஸ்தோப்பு. படுக்கை பல வீடுகளில் பாயே. புகை படிந்த அடுப்படி. கழிப்பிடம் வெளியே, அதற்குச் செல்லக் கற்படிகள், மழைக்காலத்தில் அப்படிகளில் பாசி. இளையோர் கொழும்புக்கும் கடல்கடந்தும் பிழைப்புக்குச் சென்றிருக்க, மலைக்குப் போன மருமகள் மாலையில் திரும்பும்வரை, முழங்கால் ஓய்ந்த முதியவர் காம்பராவில் தனித்திருக்கின்றார். இது தோட்டத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. இலங்கையில் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் உடையோர் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 7.9 ஆக இருந்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12.6 ஆயினர். நாடு மூத்து வருகின்றது. மலைச்சரிவிலோ மூப்பின் சுமை இருமடங்காகின்றது.

அமெரிக்கக் களரியில் பயின்ற பொறி இக்காம்பராவினுள் வந்தால் என்னாகும்? அது கட்டிலில் கிடப்பவரைத் துடைக்கக் கற்றது. பாயில் கிடப்பவரை அறியாது. நாற்காலியில் அமர்ந்தவர்க்குக் கரண்டியால் ஊட்டக் கற்றது. தரையில் சம்மணமிட்டவர்க்குப் பிசைந்த சோற்றை ஊட்ட அறியாது. அதன் உருளைகள் சமதளத்துக்கு உரியன. கற்படியின் முன் அவை நின்றுவிடும். குற்றம் மூதாட்டியிடமும் இல்லை, பொறியிடமும் இல்லை. பயின்ற நிழல் வீடு பூண்டுலோயாவின் வீடு அன்று, அவ்வளவே.

ஆயின், இதே முறையை நம் வீட்டிலிருந்து தொடங்கினால் பயன் வேறு. ஒரு காம்பராவை அளந்து நிழல் வீடாக்குவதற்கு இன்று பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. பலகோணத்தில் எடுத்த ஒளிப்படங்களை இணைத்து அறையின் முப்பரிமாண உருவை ஆக்கும் மென்பொருள்கள் கைத்தொலைபேசிகளிலேயே வந்துவிட்டன. அந்நிழல் வீட்டில் கொழும்பிலுள்ள மகள் கண்ணாடி அணிந்து நிற்கலாம். பொறியின் கை எவ்வழியே சென்றால் சொம்பை எட்டும், எவ்வழியே சென்றால் விளக்கைத் தட்டும் என்பதை நிழலில் ஒத்திகை பார்த்த பின்னர், மெய்ப்பொறியை ஏவலாம். இரட்டையும் மெய்ந்நிகரும் கூடுவதன் பயன் இதுவே.

பொறி வருமுன்னரே இம்முறையால் வேறொரு பயனும் உண்டு. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் டன்சினேன் தோட்டத்தில் 404 வீடுகள் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கையளிக்கப்பட்டதை நம் வட்டாரத்தார் அறிவர். அத்திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணி. லயத்திலிருந்து தனிவீட்டுக்குச் செல்வது மலையகத்தின் நெடுநாளைய கனவு. இனிக் கட்டப்படும் வீடுகளை, அடிக்கல் நாட்டுமுன் நிழல் வீடாக அமைத்து, சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவரை அதனுள் செலுத்திப் பார்த்தால் என்ன? வாயில் அகலம் போதுமா, கழிப்பிடத்தில் திரும்ப இடமுண்டா, வாயிற்படிக்குப் பதில் சரிவு அமைக்கலாமா என்பன முன்னரே விளங்கும். சுவர் எழுந்த பின் இடிப்பதினும், நிழலை அழித்து எழுதுவது எளிதன்றோ!

உவமையும் உருவகமும்

இவ்வளவும் கூறிய பின், விழிப்பாயிருக்கவேண்டிய இடங்களையும் கூறுதல் கடன்.

முதலாவது, நிழல் வீடு ஓர் உவமையே. மதி போன்ற முகம் என்பது உவமை. அங்கே மதியும் முகமும் வேறு என்னும் உணர்வு நிற்கின்றது. முகமதி என்பது உருவகம். அங்கே வேற்றுமை மறைந்து இரண்டும் ஒன்றாகின்றன. கவிதைக்கு உருவகம் அணி; பொறியியலுக்கு அதுவே ஆபத்து. நிழலில் வென்றதனாலேயே மெய்யிலும் வெல்லும் என்று கொள்வது, உவமையை உருவகமாக்கிய பிழை. நிழலுலகில் பொறியின் விரல் படுவதைக் கண் காணும், தோல் உணராது. மூதாட்டியின் முதுகைத் துடைக்கும் கை எவ்வளவு மென்மையாயிருத்தல் வேண்டும் என்பதை, இறுதியில் அவர் முதுகே சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, இரட்டை யாருடையது என்னும் வினா. வீட்டின் இரட்டை அவ்வீட்டின் வறுமையையும் நோயையும் அந்தரங்கத்தையும் நொடிதோறும் பதிகின்றது. யார் எப்பொழுது எழுந்தார், எத்தனை முறை விழுந்தார் என்பன அதில் உள. அப்பதிவு வீட்டாரின் உடன்பாட்டோடு எடுக்கப்பட்டு, அவர் வேண்டாம் என்றால் அழிக்கப்படுதல் வேண்டும். நம் மூதாதையர் பேரேட்டில் எண்ணாகப் பதியப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவர்தம் பேரர் மீண்டும் பிறருடைய ஏட்டில் எண்ணாகிவிடுதல் கூடாது.

மூன்றாவது, விலையும் முறைமையும். இத்துணைப்பொறிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களில் உள்ளவை. ஏழையின் கைக்கு எட்டாதவை. எளிய துணைகளை மறந்து அரிய துணைக்குக் காத்திருப்பது அறிவுடைமையன்று. படியருகே ஒரு கைப்பிடி, கழிப்பிடத்துக்கு ஒரு சரிவுப்பாதை, இவையும் துணைகளே. 2019ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலியை வெளியிட்டனர். அதில் அமர்ந்தவர் தம் விருப்பப்படி எழுந்து நிற்கலாம். நினைத்தபோது எழுந்து நின்று எதிரிலுள்ளவரின் கண்ணை நேரே நோக்குவது எத்தகைய பேறு என்பதை, நில்லாதவரே அறிவர்.

நான்காவதே தலையாயது. துணைப்பொறி மனிதரின் இடத்தைப் பறிக்கின்றதா, அன்றி அவரை அவர் இடத்தில் நிறுத்துகின்றதா? தோக்கியோ நகரில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலை நிலையாகத் திறக்கப்பட்டது. அங்கே விருந்தினரை வரவேற்றுப் பரிமாறும் ‘ஒரிஹிமே’ என்னும் பொறிகள் தாமாக இயங்குவன அல்ல. வீட்டை விட்டு வெளியேற இயலாதோர், படுக்கையிலேயே கிடப்போர், சிலர் கண்ணசைவு ஒன்றினாலேயே, தொலைவிலிருந்து அவற்றை இயக்குகின்றனர், விருந்தினரோடு உரையாடுகின்றனர், ஊதியமும் பெறுகின்றனர். உதவி பெறுவோராகவே கருதப்பட்டவர் அங்கே உபசரிப்போர் ஆயினர். ‘ரொபோட்டா’ என்னும் சொல்லில் இருந்த அடிமைக் கறை இவ்விடத்தில் கழுவப்பட்டுவிட்டது எனலாம். துணை என்னும் தமிழ்ச்சொல்லின் பொருள் அங்கே முழுமை பெறுகின்றது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

இவற்றுள் நமக்கு என்ன பங்கு என்று ஆசிரியரும் மாணவரும் வினவலாம். பொறியை ஆக்குவது சிலரால் மட்டுமே இயலும். பொறிக்கு வேண்டிய அறிவைத் திரட்டுவது நம் அனைவராலும் இயலும்.

மலையகத்துப் பேச்சில் இடத்தையும் அளவையும் குறிக்கும் சொற்கள் எத்தனை? அந்தாண்ட, இந்தாண்ட, கொஞ்சூண்டு, செத்த நேரம், ஒரு எட்டு என்றாற்போல்வன எந்தப் பொருளில், எந்தத் தொலைவைக் குறித்து வழங்குகின்றன? உயர்தர வகுப்பு மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில், தம் பாட்டன் பாட்டியரின் உடன்பாட்டோடு, இச்சொற்களை அவர்தம் குரலிலேயே பதிந்து, பொருளும் அளவும் எழுதிவைத்தால், அது மொழிக்கும் ஆவணம். நாளைய துணைப்பொறிக்கும் அரிச்சுவடி. கணிதம் பயிலும் மாணவர் ஒரு காம்பராவையும் அதன் படிகளையும் அளந்து வரையட்டும். அறிவியல் கழகத்தார் அவ்வளவுகளைக் கொண்டு நிழல் வீடொன்றை எழுப்பட்டும். தமிழும் கணிதமும் அறிவியலும் ஒரே வாயிலில் சந்திப்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேறு யாதுளது?

மொறட்டுவையில் ஒரு பொறி, கொஞ்சம் என்பதன் பொருளை இடமறிந்து உணரக் கற்றது. அட்லாண்டாவில் ஒரு பொறி, நிழல் மனிதரும் மெய்ம்மனிதரும் வேறு என்பதைத் தன் ஆசிரியர்க்குக் கற்பித்தது. மூன்றாவது பாடம் மலைச்சரிவில் எழுதப்படவேண்டியது. அதனை எழுதுவோர் இங்கே பிறந்து, இங்குள்ள மொழியைப் பேசி, பாயில் படுத்திருக்கும் தம் அப்பாயியின் முனகலுக்கு எழுந்து ஓடிய பிள்ளைகளாக இருத்தல் வேண்டும். பொறியின் கையை எத்திசைக்குத் திருப்பவேண்டும் என்பதை அவர்களினும் நன்கறிந்தவர் எவருமிலர்.